போகாமலே ஜெஜு போய்வந்த திட்டம்

மலிவுச் சுற்றுலாத் திட்டங்களில் மாணவர்களுக்கு இடமுண்டு; புதுமணத் தம்பதிகளுக்கு உண்டு; ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் அவர்களுடைய முழங்கால்களுக்கும் தனி இருக்கையே உண்டு. இவர்கள் எல்லாருக்கும் சோறும் சூப்பும் ஆக்கிப் போடுகிறவளுக்கு மட்டும் இருப்பதில்லை. ஆகவே பாங் ஓக்-சிம் அம்மையாரிலிருந்தே தொடங்குகிறேன். கடலைக் கண்டிராத எங்கள் சோங்னே மாவட்டத்தில், அலுவலக உணவகத்தின் சமையற்காரி அவர்.

அவர் மணமுடித்த காலத்தில் புதுமணத் தம்பதிகள் எல்லாரும் தேனிலவுக்கு நாட்டின் தென்கோடியிலுள்ள ஜெஜு தீவுக்கே போனார்கள். இவர் புறப்படவிருந்த காலையில் மாமனாரின் பசுவுக்குப் பிரசவ வலி கண்டது. பசுவும் கன்றும் நலம். பயணம் மட்டும் பிழைக்கவில்லை. அதன்பின் அந்தத் தீவை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் எதையும் ஆசைப்பட்டதில்லை.

எனவே "ஜெஜுவுக்குச் சிக்கனமான முதற்பயணம்" என்ற திட்டத்தை மாவட்டம் அறிவித்த அன்று, முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். திட்டத்தின் பொறுப்பு சுற்றுலாப் பிரிவுத் தலைவர் கூ தே-சுங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் உடனடியாக, மக்கள் நலன் கருதி, தம் குழுவுடன் தாமே புறப்பட்டார்.

திரும்பி வந்து உணவகத்தில் தட்டும் கையுமாக நின்றவரை ஓக்-சிம் மடக்கினார்.

"தலைவரே, நாங்க எப்பக் கெளம்பறோம்?"

"அவசரப்படாதீங்க பெரியம்மா. மொத மொதல்ல போறவங்க ஏமாந்துடக் கூடாது பாருங்க. அதான் நாங்க முன்னாடியே போய் ஏமாந்து பாத்துட்டு வர்றோம்."

"அடுத்த வாரமும் போறீங்களாமே?"

"இப்பப் போனது அந்தத் தீவோட கரும்பன்றிக் கறி ருசி பாக்க. இது படுக்கைக்கு. மெத்தை மெத்துன்னு இருக்கான்னு பாக்க வேணாமா?"

"அதுக்கப்புறம்?"

"காத்துக்கு. அந்தத் தீவுக் காத்து பொல்லாதது. உங்க ஒடம்பு தாங்குமான்னு நாங்கதான சோதிக்கணும்?"

"அதுக்கு எதுக்குக் கோல்ஃப் மட்டை?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பந்துதான் சொல்லும் பெரியம்மா. கொஞ்சம் ஊறுகாய் போடுங்க."

சோதனைகள் இனிதே நிறைவுற்றபோது திட்டத்துக்கான நிதியும் இனிதே நிறைவுற்றிருந்தது. சாதாரண மனிதர்கள் இங்கே மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். கூ தே-சுங் ஆய்வறிக்கை சமர்ப்பித்தார். விமானம், விடுதி, வாடகைக் கார் ஆகிய செலவுகள் யாவும் "போவது" என்ற ஒரே காரணத்தால் விளைபவை; அதை நீக்கிவிட்டால் பயணம் மிகச் சிக்கனமாகிறது என்று அது நிறுவியது. கூட்டத்திலிருந்த அலுவலர்கள் நாங்கள் அனைவரும் கைதட்டினோம். தர்க்கத்தில் ஓட்டை ஏதும் தென்படவில்லை.

ஜெஜுவில் மூன்று மிகுதி என்பது நாடறிந்த செய்தி: காற்று, கல், பெண்கள். பயணம் மாவட்ட அரங்கிலேயே நடப்பதென்று முடிவாகி, அங்கே அம்மூன்றுக்கும் முறைப்படி ஏற்பாடு செய்யப்பட்டது. காற்றுக்கு, நெல் உலர்த்தும் கூடத்திலிருந்து இராட்சத மின்விசிறிகள் வந்தன. கல்லுக்கு ஊர் ஆற்றங்கரை இருந்தது. பெண்கள் மாவட்டத்தின் கையிருப்பிலேயே இருந்தபடியால் கொள்முதல் தேவைப்படவில்லை. சுவர் முழுக்க மஞ்சள் கடுகுப்பூ வயலின் படம் ஒட்டப்பட்டது. அதன்முன் ஆரஞ்சு நிறத் தொப்பியணிந்து, காப்பிக் கோப்பையைக் கன்னத்தருகே பிடித்து, தொலைவை நோக்கிச் சிரித்துப் படமெடுத்துக்கொள்ள நீண்ட வரிசை நின்றது. தீவுக்கு உண்மையாகவே போனவர்களும் அங்கே இதைத்தான் செய்கிறார்கள் என்பதால் யாருக்கும் குறையில்லை.

பயணிகள் பட்டியலில் ஓக்-சிம் பெயரே முதலில் இருந்தது. ஆனால் பயணிகளுக்கு மதியச் சாப்பாடு வேண்டுமல்லவா? அவர் அன்று முழுவதும் அரங்கத்தின் பின்புறம் அறுபது பேருக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். விசிறிக் காற்றுகூட அங்கே எட்டவில்லை.

அடுத்த மாதம் அவர் கூ தே-சுங்கிடம் விடுமுறை கேட்டு வந்தார்.

"தலைவரே, மூணு நாள் லீவு வேணும். ஜெஜுவுக்குப் போகணும்."

"போன மாசந்தான போயிட்டு வந்தீங்க?"

"அடுப்படியில கெடந்தேன் தலைவரே."

"அந்தத் தீவுப் பொம்பளைங்க மட்டும் எங்க இருக்காங்கன்னு நெனைக்கிறீங்க? மத்தவங்களுக்கு வெறும் காட்சி. உங்களுக்குத்தான் அசல் அனுபவம்! மறுபடியும் மொத தடவை போகணும்னா எப்படிம்மா? பேராசையா இல்ல?"

"இன்னிக்கு சூப்புல உப்புப் பத்தல. நீங்களே போட்டுக்கங்க," என்று சொல்லி, ஓக்-சிம் சமையல் மேலங்கியைக் கழற்றி அவருடைய மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து ஜெஜுவிலிருந்து அவர் ஒரு படம் அனுப்பினார். சாம்பல் நிறக் கடல், சாய்ந்து பெய்யும் மழை, மூலையில் அவருடைய கட்டைவிரல். அலுவலகம் முழுக்க அந்தப் படம் கைமாறியது.

"இது ஜெஜுவே இல்ல," என்றார் கூ தே-சுங்.

"மஞ்சப்பூ ஒண்ணுகூடக் காணோமே," என்றார் கணக்குப் பிரிவு அம்மையார்.

"பாவம், பெரியம்மாவை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க," என்றேன் நான். எல்லாரும் ஆமோதித்தார்கள். நாங்கள் போய்வந்தவர்கள் அல்லவா?

ஓக்-சிம் அம்மையார் திரும்பி வரவில்லை. தீவின் தென்கரையில் ஒரு சிறு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று அவர் சமைப்பதில்லை.