ஒத்த வாசல் காலனி

“…தீப்பிடிச்சா வெளிய ஓடி வரவும், அணைக்க உள்ள ஓடிப் போகவும் ஒரே வாசலாய்யா?”

மாரியம்மாள் இப்படிக் கேட்டபோது என் வெள்ளைச் சட்டை கறுப்பாகியிருந்தது. பக்கத்தில் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் இருமிக்கொண்டிருந்தார். மாலை அவர் கழுத்தில் இருந்தது, துண்டைத்தான் காணோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் கையில் கிடைத்தால் மனிதனுக்குக் கொஞ்சம் புத்தி மழுங்கும். எனக்கு மொத்தமாக மழுங்கியது. அறுபதுகளின் தொடக்கம். யூனியன் ஆபீசில் தினக்கூலிக்குப் படம் வரைகிறவன் நான். (தொழில் கற்றது மேஸ்திரி பக்கத்தில் நின்று, கர்வம் மட்டும் காலேஜ் படிப்பு.) விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஓர் ஊர். பேர் வேண்டாம், அங்கே எனக்குச் சம்பந்தி இருக்கிறார். தீயில் மூன்று குடிசைகள் போனதும், பட்டாசுத் தொழிலாளர்களுக்குப் புதுக் காலனி வரையச் சொன்னார்கள். சேர்மனுக்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம்.

பழைய குடிசைகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று தெற்கே. நடுவில் வெறும் பொட்டல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ‘என்ன ஊதாரித்தனம்!’ என்று நோட்டில் எழுதினேன். தீ ஏன் மூன்று குடிசையோடு நின்றது என்று எழுதத் தோன்றவில்லை.

என் காலனியோ ரயில் பெட்டி. பத்து வீடு ஒரே வரிசை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்; அதுவும் ஓடு வரை போகாமல் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். (செங்கல் மிச்சமாம்!) முன்னால் நீள நடை, அதையும் சுவர் வைத்து மூடி, வெளியே வர மேற்குக் கோடியில் ஒரே வாசல். இப்படி நாலு வரிசை.

சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றே மாரியம்மாள் வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள்.

“கம்பெனியில நாலு பேரு இருக்கிற ரூமுக்கு நாலு பக்கமும் வாசலு. ரூமும் எட்ட எட்ட. ஒண்ணு போனாலும் மத்தது நிக்கும். இங்கன என்னய்யா, கருவாடு கோத்த மாதிரி வச்சிருக்கீக?”

“அது வெடி செய்யிற இடம்மா. இது வீடு.”

“வீட்ல அடுப்பு இருக்காதாக்கும்? எலிகூட ரெண்டு வழி வச்சுத்தான்யா வளை தோண்டுது.”

“எலி எஞ்சினியருக்குப் படிக்கலை” என்றேன். (நானும் படிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.)

முதல் வரிசை எழும்பியது. மிச்ச மூன்று வரிசைக்கும் திறப்பு விழா அன்று சேர்மன் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்தார்கள். நல்ல நேரம் எல்லாருக்கும் ஒன்றுதானே! பத்து அடுப்பும் ஒரே நேரத்தில் பற்றின. முந்தின நாள் மழை, விறகு ஈரம், சுவர் குட்டை. புகை முதல் வீட்டில் கிளம்பி, மச்சினன் வீட்டுக்குப் போகிற உரிமையோடு பத்தாம் வீடு வரை வந்தது.

வாசலுக்கு எட்ட, கிழக்குக் கோடிப் பத்தாம் வீட்டில் நானும் சேர்மனும். “பாத்தீகளா ஐயா, எம்புட்டுக் காத்தோட்டம்” என்று நான் வாயை மூடவில்லை, “ஏலே, ஓடுங்க!” என்று ஒரு குரல். பட்டாசு வேலை பார்க்கிறவர்கள் புகையைக் கண்டால் விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். விசாரித்தவர்கள் யாரும் திரும்பி வந்து பதில் சொன்னதில்லை. பத்துக் குடும்பமும் அந்த ஒரே வாசலில் அடைத்துக்கொண்டது. எங்களுக்கு முன்னால் முதுகுகள், பின்னால் புகை. சேர்மன் என் தோளில் ஏறிக் கூரை ஓடுகளைப் பிரித்தார். (அவர் எடையை நான் சொல்வது மரியாதையில்லை, என் இடது தோள் சொல்லும்.) கூரைமேல் நின்றவரை மாரியம்மாள்தான் ஏணி வைத்து இறக்கினாள். நான் கூட்டம் கலைந்தபின் தவழ்ந்து வந்தேன். ஒன்றும் எரியவில்லை. பத்துப் பானையிலும் பால் மட்டும் அமோகமாகப் பொங்கி வழிந்திருந்தது.

வேலை நிரந்தரமாகவில்லை, கேலிதான் நிரந்தரமானது. இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் என் மனைவி, “பின்வாசல் இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க எஞ்சினியரே” என்பாள். பேரப்பிள்ளைகள் சேர்ந்து இருமுவார்கள்.

அன்று மாரியம்மாள் வாசலைப் பற்றிக் கேட்டதும் நான் சட்டைக் கரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடவேண்டிய படத்தால் விசிறிக்கொண்டே சேர்மன்தான் கேட்டார்: “இப்ப என்ன செய்யணும்ங்கிறே, தாயி?”

மாரியம்மாள் உள்ளே போய் அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். நடுவீட்டின் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வாசல் வரைந்தாள். கோடு கோணல்தான். பிறகு மேஸ்திரி போட்டுவிட்டுப் போன கடப்பாரையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.