விசாவுக்கு முன்பே போட்ட மொட்டை

தலையில் முடி இருந்த காலத்தில் என் தலைக்குள் வேறெதுவும் இருந்ததில்லை. இதை என் மனைவி சொன்னால் கோபம் வரும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. அக்கா ஸ்டெல்லா கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய் ஆறு வருடம். அவளைப் பார்க்காமல் அம்மா பாதியாகிவிட்டாள். ராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால், தாள்களைச் சரிபார்த்து அங்கேயே சுற்றுலா விசா கொடுப்பார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். எங்கள் இருவருக்கும் விசா கிடைத்தால் எனக்கு மொட்டை போடுவதாக வேளாங்கண்ணி மாதாவிடம் அம்மா வேண்டிக்கொண்டாள். (தலை என்னுடையது, வேண்டுதல் அம்மாவுடையது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.)

திரும்பி வரும்போது மொட்டை என்பது ஏற்பாடு. எனக்கோ அந்தத் தலையோடு ஆபீசுக்குள் நுழைய மனமில்லை. கோயில் பாடற்குழுவில் பாடும் பிலோமினா வேறு பார்த்துவிடுவாள். போகிற வழியிலேயே போட்டுவிட்டால், கொழும்பில் இருக்கும் ஒரு மாதத்தில் கொஞ்சமாவது முளைத்துவிடும் என்று திட்டம் போட்டேன்.

"கெடைக்கறதுக்கு மின்னாடியே இன்னாத்துக்குடா மொட்ட?" என்றாள் அம்மா.

"மாதாவுக்கு அட்வான்ஸா குடுத்துட்டா வேல சீக்கிரம் முடியும்மா."

வேளாங்கண்ணியில் இறங்கி, மீசையையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். அவ்வளவு தாராளம்.

தலைமன்னாரில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திறந்தார். நெற்றியில் ஒரு சுருள் விழ, அடர்ந்த மீசையோடு ஒருவன் அதிலிருந்து பார்த்தான்.

"இது ஆர்?"

"நான்தாங்க."

"அப்ப நீர் ஆர்?"

அம்மாவின் தாளில் முத்திரை விழுந்தது. என்னை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார். கம்பித் தடுப்புக்கு அப்பால் அக்கா நின்றிருந்தாள். இடுப்பில் அம்மா இதுவரை பார்த்தேயிராத பேத்தி.

"நீ போம்மா," என்றேன்.

"உன்ன வுட்டுட்டு எப்டிடா போவேன்? சார், எம்புள்ளைய எனுக்குத் தெரியாதா? அவன் இல்லாங்காட்டி நானும் திரும்பிப் போயிடறேன்."

சொல்லிவிட்டு அம்மா தடுப்பின் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் உடைந்துவிடுவாள். ஒரு சுருள் முடிக்காக அவளுடைய ஆறு வருடக் காத்திருப்பைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

பதற்றம் வந்தால் எனக்கு ஒரு பழக்கம். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துப் பின்னோக்கி வாரி, இடது கையால் சுருளை நெற்றியில் இழுத்துவிடுவேன். அன்றும் என்னையறியாமல் கை அதையே செய்தது. மொட்டைத் தலையில் சீப்பு கரகரவென்று போனது. இல்லாத சுருளை விரல் இழுத்துவிட்டது.

அதிகாரி படத்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். சுருள் விழுந்திருந்த அதே இடம்.

"இன்னொருக்கா தலைய வாரும்."

வாரினேன். வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார்.

"மாதாதான் சீப்ப எடுக்க வெச்சா. அட்வான்ஸ் வாங்கினவ சும்மா இருப்பாளா?" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவோடு அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு மாதம்தான். அதன் பிறகு போக வாய்க்கவில்லை.

இப்போது வேண்டுதல் இல்லாமலே மொட்டை. ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் என்று எதை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் பிலோமினா வாசல்வரை வந்து கேட்கிறாள்:

"எல்லாம் எடுத்துகினீங்களா? சீப்பு?"

சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.