காற்றாலைக்கு நூற்று நாற்பத்தொரு கையெழுத்து

ஊடர்மேர், ஏப்ரல் 14

பெருமதிப்பிற்குரிய அலைடா அக்காவுக்குத் தம்பி ஹார்மன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் காற்றாலையும் நலம். தாங்களும் மகளும் புதிய பேரனும் நலமென்பதை மூன்று நாள் தங்கி நேரில் கண்டுவிட்டதால், அதை மீண்டும் கேட்கவில்லை.

வெற்றி உறுதி. மேற்கே முளைத்துள்ள புதுக் குடியிருப்பில் நான்கு மாடிக் கட்டடம் எழுந்தால் காற்று மறைந்து, இருநூற்றெண்பது ஆண்டுகள் சுழன்ற இறக்கைகள் நின்றுபோகும் என்று நகராட்சியில் என் பெயரில் ஆட்சேபணை கொடுத்திருந்தேன் அல்லவா, அதற்கு அக்குடியிருப்பில் நூறு பேராவது கையெழுத்திட வேண்டும் என்பது விதி, அவர்களுக்கோ ஆலை என்றாலே ஆகாது. இறக்கையின் நிழல் காலை ரொட்டித் தட்டில் ஓடுகிறதென்று ஃபென்னா அம்மாள் வந்து, "ஏங்க, அதைக் கொஞ்சம் மெதுவாச் சுத்தச் சொல்லக் கூடாதா?" என்றார். காற்றிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். "அப்ப நாலு மாடி வரட்டும், அது சொல்லிக்கும்" என்று போய்விட்டார்.

நான் தளரவில்லை. ஆலையின் வழக்கங்களை அச்சிட்டு வீடுவீடாகப் போட்டேன்: நிறுத்திய இறக்கை உச்சிக்குச் சற்று வலப்புறம் நின்றால் மகிழ்ச்சி, இடப்புறம் நின்றால் துக்கம். பேரன் பிறந்த சேதி வந்ததும், அன்றைய கிழக்குக் காற்றுக்கேற்ப ஆலையைப் பழைய ஊரை நோக்கித் திருப்பி, மகிழ்ச்சி நிலையில் நிறுத்தி, கதவில் கையெழுத்துப் புத்தகத்தைத் தொங்கவிட்டு ரயிலேறினேன். திரும்பி வந்தால் வாசல் நிறைய வெள்ளை மலர்கள், மூன்று பானை பட்டாணி சூப், புத்தகத்தில் நூற்று நாற்பத்தொரு பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் ஏதோ குறிப்புரை. எதிரே வந்த புதுக் குடியிருப்பு வீபே என்னைக் கண்டதும் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கினார். பிரேக் சரியில்லை போலும். குறிப்புரைகள் நகராட்சியின் பார்வைக்கு மட்டுமே உரியவை என்பதால் அவற்றைப் படிக்காமல், முத்திரையிட்டு ஒப்படைத்தேன். வியாழனன்று வாக்கெடுப்பு.

பேரனுக்கு வயிறு நிறையப் பாலும் தங்களுக்கு இடையறாத உறக்கமும் வாய்க்க வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஹார்மன் ஃப்ரேஸ்வைக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நகராட்சியின் கடிதம் வந்தது. என் மறைவுக்கு வருந்துகிறார்களாம். ஆட்சேபித்தவர் இறந்துவிட்டதால் ஆட்சேபணையும் புதன் மாலையோடு காலாவதியாகுமாம். ஃபென்னா அம்மாளிடம் விரைந்தேன். "உங்க தாளைக் கையில வச்சுக்கிட்டுத்தாங்க பாத்தோம். எங்க பக்கத்துலேருந்து எடதுலதான் நின்னுச்சு. மனுஷன்தான் போயிட்டாரு, ஆலையாவது இருக்கட்டும்னு போட்டோம். உசுரோட வந்து நின்னா எப்படி? ஆளாளுக்குப் போய்க் கையெழுத்த அழிச்சிருவாங்க" என்றார். மேற்கே ஆலையின் பின்னாலிருந்து பார்த்தால் வலம் இடமாகும் என்பதை நான் அச்சிடவில்லை. பிரிவு ஒன்பதின்படி இறந்தவரின் ஆட்சேபணையை உடன்பிறந்தவர் தொடரலாம். படிவம் இணைத்துள்ளேன். நான் இறந்துவிட்டதாகப் புதனுக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வியாழன் மாலைவரை நான் வெளியே வரமாட்டேன்.