நெருப்புக்கு நிழல் விட்ட லேபிள்

சிவகாசி
17.8.2004, செவ்வாய். காலை மணி 11.20. இத்துடன் வருவது உங்கள் புஸ்வாண லேபிளின் ஒன்பதாவது பிரிண்ட்.

பெருமதிப்பிற்குரிய மாமா அலி அக்பர் அவர்களுக்கு, மருமகன் தவுபிக் ஸலாம் சொல்லி எழுதுவது. தாங்கள் அங்கு நலம் என்று தெரியும். அதனால்தான் இங்கு எனக்கு இந்த நிலைமை. உங்கள் பட்டாசு ஆலைக்குள் செல்போன் ஆகாது என்பதால் லோடு ஆட்டோ சங்கையாவிடம் கடிதம் கொடுத்து விடுகிறேன். நாலு மணிக்குள் ஓகே வராவிட்டால் அச்சகத்தில் நம் முறையைக் காலண்டர்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பத்து நாள் உங்கள் புஸ்வாணப் பெட்டி மொட்டையாகத்தான் நிற்கும்.

முதல் பிரிண்டைப் பார்த்து, "ஏலே, இது எரியுதா, புகையுதா?" என்றீர்கள், வெளிச்சத்தைக் கூட்டினேன், கூட்டியதில் எழுத்து வெளிறிப்போனது, எழுத்தைப் புடைப்பாக்கித் தங்கக் கலர் கொடுத்து, அதற்கும் பொறிக்கும் அடியில் நிழல் விட்டேன், உடனே பேரன் அஷ்ஃபாக் படமும் வேண்டும் என்றீர்கள், அது ஸ்டுடியோ படம், நேரே பிளாஷ் அடித்ததில் பிள்ளை தோசை மாதிரி தட்டையாக இருந்தான், சரி என்று கீழிருந்து மஞ்சள் வெளிச்சம் காட்டினால், பிள்ளையைப் பேயாக்கிட்டான் என்று சபுரா மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எட்டாவதை நீங்கள் கொண்டுபோய்க் காட்டியது யாரிடம்? புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் குருவம்மாளிடம். என் வயதுதான் இருக்கும், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. "நெருப்புக்கு எங்கனயாச்சும் நிழல் விழுமாண்ணே? பொறி கீழ இருந்து கிளம்புது, நீங்க எழுத்துக்கு உச்சந்தலையில வெளிச்சம் அடிச்சிருக்கீக" என்கிறாள். மதுரையில் ஒன்றரை வருஷம் மல்டிமீடியா படித்த என்னிடம். நிழல் இல்லாமல் ஆழம் வராது. ஒன்பதாவதிலும் ஒரு நிழலைக்கூட எடுக்கவில்லை. பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பிரியாணிக்கும் நான் வரமாட்டேன்.

தங்கள் உடம்புக்கும் சீசன் வியாபாரத்துக்கும் கோபத்திலும் துஆ செய்யும்,
தவுபிக்

பி.கு. மணி 11.50. சங்கையா டீ குடிக்கப் போயிருந்தார். குருவம்மாள் வாயை அடைக்கலாம் என்றுதான் அவள் சொன்னபடி செய்து பார்த்தேன். பொறிக்கு விட்ட நிழலை எடுத்தேன். எழுத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சமாக்கி மேல்பக்கத்தை இருட்டாக்கினேன். அஷ்ஃபாக்கைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, புஸ்வாணம் இருக்கும் பக்கத்துக் கன்னத்தில் மட்டும் வெளிச்சம் விட்டேன். எழுத்து பேப்பரை விட்டு எழுந்து நிற்கிறது மாமா. பிள்ளை ராசா மாதிரி இருக்கான். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம், மாற்றி எழுத நேரமில்லை. இனி நான் செய்யப்போவது:

1. ஒன்பதாவதைக் கிழித்துப்போட்டு, பத்தாவதை இந்தக் கவரில் வைப்பேன்.
2. நாலு மணி வரை அச்சகத்தில் அச்சுப் பிளேட் போடுகிறவர் அறை வாசலில் உட்கார்ந்து காலண்டர்காரரை மறிப்பேன்.
3. வெள்ளிக்கிழமை வருவேன். மாமியிடம் சொல்லிவையுங்கள்.
4. குருவம்மாள் ஓகே போட்டால்தான் பிளேட்டுக்குக் கொடுப்பேன். நீங்கள் அதற்குக் கீழே போட்டால் போதும்.