மாமாவுக்கு வைத்திருந்த கங்கைத் தண்ணீர்

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டு வந்தவர்களின் பக்கத்தில் நோயாளியைத் தனியாக விடக் கூடாது. பாவம், நோயாளியால் எழுந்து ஓடக்கூட முடியாது.

அறுபதுகளில் எனக்கு இருபத்திரண்டு வயது. பம்பாயில், தாராவியில் வீடு, செம்பூரில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன புத்த விகாரை இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சேவந்திபாய் என்ற மராட்டி நர்ஸ் வகுப்பு நடத்தினார். சாகப்போகிறவர்களின் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பதுதான் பாடம். (சினிமாவுக்கு ஓடுகிற வயதில் நான் இதற்கு ஓடினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.)

ஓடியதற்குக் காரணம் என் தாய்மாமா சங்கரபாண்டி. தோல் பட்டறையில் உழைத்து உழைத்து நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மாமா சரியான வாயாடி. தெருவில் போகிற நாயைக்கூட நிறுத்தி நாலு வார்த்தை கிண்டல் செய்துவிட்டுத்தான் விடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதோடு சரி, யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. பயம். கையைத் தொட்டால் நடுங்கும். ஆவுடை மாமி, "ஒரு வார்த்தை ஏசவாவது செய்யுங்களேன்" என்று காலைப் பிடித்து அழுவாள். மாமா இப்படிப் பயந்துகொண்டே போய்விடக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை.

முதல் வகுப்பு. சேவந்திபாய் ஹிந்தியில் சொன்னார்: "பேசாதே. அழாதே. அவர் மூச்சைக் கவனி. உன் மூச்சும் அதோடு சேர்ந்து போகட்டும். மனதுக்குள் அன்பை அனுப்பிக்கொண்டே இரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, இவ்வளவுதானா விஷயம்! புத்தரே நேரில் வந்து என் காதில் சொன்ன மாதிரி இருந்தது. அதற்கு மேல் உட்கார இருப்புக்கொள்ளவில்லை. பாதி வகுப்பிலேயே எழுந்து, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் பஸ் ஏறிவிட்டேன்.

நல்ல மே மாதம், உச்சி வெயில், தகரக் கூரை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. (தியானத்துக்கு வெறும் வயிறுதான் விசேஷம் என்று நானாக முடிவு செய்திருந்தேன்.) மாமாவின் முதுகுப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"என்னட்டி இது, சாமி வந்த மாதிரி உக்காந்துட்டே? காப்பி போடவா?" என்றாள் மாமி.

"ஸ்ஸ்! பேசாதீங்க மாமி. மாமாவுக்கு அன்பு அனுப்புதேன்."

"அனுப்பு, அனுப்பு. நான் வடிச்சிட்டு வாரேன்."

மாமா மூச்சை இழுத்தார், நானும் இழுத்தேன். அவர் விட்டார், நானும் விட்டேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று புஸ் புஸ்ஸென்று பெரிதாகவே விட்டேன். ஆஹா, எப்பேர்ப்பட்ட ஆனந்தம்! அவர் வேகமாக இழுத்தால் நானும் வேகமாக. திடீரென்று நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். மறுபடி இழுத்தார். மறுபடி நிறுத்தினார், இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம். காது குப்பென்று அடைத்தது. கண்ணுக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. இதுதான் ஞானம் என்று நினைத்துக்கொண்டே மல்லாக்கச் சாய்ந்தேன்.

அடுத்து நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமி சோற்றுப் பானையை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ, பிள்ளை போயிட்டாளே!" என்று அலறியிருக்கிறாள். அலமாரியில் ஒரு கங்கைச் செம்பு இருந்தது. காசியிலிருந்து வந்தது, வாயை ஈயம் வைத்து அடைத்தது. மாமாவின் கடைசி நேரத்தில் வாயில் விட வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். பதற்றத்தில் மாமி அதை அம்மிக் குழவியால் உடைத்து, முழுவதையும் என் வாயில் ஊற்றிவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் "கோவிந்தா, கோவிந்தா" என்று வேறு ஆரம்பித்திருக்கிறார்கள்.

எனக்குப் புரையேறிக் கண் விழித்தபோது, சுவர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கட்டிலே ஆடியது. போய்க்கொண்டிருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இல்லை, மாமா சிரிக்கிறார்! மெள்ள எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அது எனக்கு வச்சதுல்லா!"

மாமி கையிலிருந்த காலிச் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"நான் மூச்ச விட்டா விடுதா, நிறுத்துனா நிறுத்துதா. எவ்வளவு நேரம் தாங்குதானு பாத்தேன், பொசுக்குனு விழுந்துட்டா. ஏ ஆவுட, இனி எனக்கு என்னத்த ஊத்துவே? முனிசிபாலிட்டி குழாத் தண்ணியா?"

மாமி சிரித்தாள், அழுதாள், என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உமக்கு என்ன வேணும்? சொல்லும்" என்றாள். "எனக்கு டீ ஊத்து. இஞ்சி தட்டிப் போட்டது" என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு சேவந்திபாய் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவர் மூச்சோடு போ, ஆனால் உன் மூச்சை விட்டுவிடாதே. வகுப்பின் பின்பாதியில் இதைத்தான் சொன்னேன். நீதான் ஓடிவிட்டாயே!"

மழை பிடிக்கும்வரை மாமா இருந்தார். வாய் ஓயவில்லை. பயமாக இருக்கிறது என்பதையும் கடைசியில் வாய்விட்டுச் சொன்னார். சொல்லச் சொல்லக் கை நடுக்கம் குறைந்தது. அவர் போன அன்று நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, என் மூச்சை நானே ஒழுங்காக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமி ஒரு கரண்டி இஞ்சி டீயை அவர் வாயில் விட்டாள். முகம் எங்கள் பக்கம்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு டைபாய்டு வந்தாலும் சரி, பஸ்ஸிலிருந்து விழுந்தாலும் சரி, எங்கள் வீட்டில் ஒரு ஈ காக்கைகூடப் பதறியதில்லை. போன வருஷம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். டாக்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மாமியின் மகள் அவரைப் பேசவே விடவில்லை.

"பயப்படாதீங்க டாக்டர். அக்காவுக்கு அப்பவே ஊத்தியாச்சு."