மின்னல்காரனுக்குத் தடை

தோற்றுக்கொண்டே இருப்பவனிடம் சட்டம் எழுதும் வேலையைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். என் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. (சிரிப்புக் கட்டுரை என்றுதான் ஆரம்பித்தேன். பொறுங்கள், சிரிப்பும் வரும்.)

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வறட்சி வருஷம். எனக்கு இருபது வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ, எலெக்ட்ரிக்கல் பேப்பரில் மட்டும் அரியர். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு, உத்திரமேரூர் பஜாரில் செல்வம் அண்ணனின் டி.வி. கேம் கடையில் குடியிருந்தேன். அங்கே ஒரு சண்டை கேம். நெருப்பை வீசுகிறவன், தண்ணீரைப் பீய்ச்சுகிற பெண், மண்ணைக் கிளப்புகிற குண்டன், மின்னலை இறக்குகிற கிழவன் என்று நான்கு பேர். யார் யாரிடம் தோற்பார்கள், எந்த அடிக்கு எவ்வளவு உயிர் குறையும் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று எழுதி வைத்திருந்தேன். பாலிடெக்னிக்கில் இப்படி எழுதியிருந்தால் அரியரே இருந்திருக்காது.

என் ஆள் தண்ணீர்ப் பெண். நெருப்புக்காரனைத் துவைத்து எடுத்துவிடுவாள். மின்னல்காரன் வந்தால் மட்டும் தீர்ந்தது. நனைந்தவளுக்கு ஒன்றுக்கு இரண்டாக விழும். தொடர்ந்து பதினேழு ஆட்டம் தோற்றேன். பதினெட்டாவதில் எனக்கு நியாய உணர்ச்சி பொங்கியது.

"இது ஆட்டமே இல்லண்ணா! பேலன்ஸே கெடையாது. மின்னல்காரன யாரும் எடுக்கக் கூடாதுன்னு ரூல் போடுண்ணா."

"உன்னோட ஒரே பேஜாரா கீதுடா. போட்டுத் தொல," என்றார் செல்வம் அண்ணன்.

நோட்டில் மின்னல் பக்கத்தை நானே குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அன்றிலிருந்து நான்தான் கடைக்குச் சாம்பியன். (வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள். இல்லை.)

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், பாடம் நடக்கும். நெருப்பு தண்ணீரிடம் தோற்கும், மண்ணும் தண்ணீரிடம் தோற்கும்.

"நெல்லு யார்கிட்டடா தோக்கும்?" என்றார் ஒருநாள்.

"அது கேம்ல இல்ல நைனா."

அவருக்கு அது ஒன்றுதான் கவலை. ஏரி காய்ந்து கிடந்தது. கிணற்று மோட்டாரை நம்பி ஒன்றரை ஏக்கர் நெல், கதிர் வாங்கும் நேரம். இன்னும் நாலு தண்ணீர் பாய்ந்தால் வருஷத்துக்கும் சோறு.

ஒரு மத்தியானம் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி புகைந்தது, பிறகு தீப்பிடித்தது. நைனா ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் பிடித்தார். கைப்பிடி துருவேறிச் சிக்கிக்கொண்டிருந்தது.

"கிட்ட வராதடா! மெயின எறக்கிக்கினு கீறேன்!"

என் கண்ணுக்கு நெருப்பு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர். நெருப்புக்கு எதிரி யார்? நோட்டைப் புரட்டவே தேவையில்லை. சாம்பியன் அல்லவா, பக்கெட்டை முக்கி, குறி பார்த்து வீசினேன்.

படார் என்று ஒரு வெடி. நைனாவின் கை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. அவர் கத்தக்கூட இல்லை. அடுத்த வயலிலிருந்து ஓடிவந்த சித்தப்பா மூங்கில் கழியால் ஓங்கி அடித்துத்தான் அந்தக் கையைப் பிரித்தார். நான் காலி பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சில நாள் இன்னும் அங்கேயே நிற்பதுபோல இருக்கிறது.

உயிர் தங்கியது. கருகிப்போன இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். எரிந்த மோட்டார் சரியாகி வருவதற்குள் பயிர் அத்தனையும் பதராகிவிட்டது. மூன்றாம் நாள் நைனா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உன் நோட்டுல கரண்ட்டு இல்லியாடா?"

"இருந்துச்சு நைனா. நான்தான் அடிச்சிட்டேன்."

கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்தார். பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தார். ஐயோ, அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் சொம்பைத் தொட்டாலே யாராவது, "மெயின எறக்கிட்டியா?" என்பார்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றப் போனால் வரிசையாக டம்ளரை மூடுவார்கள். என் கல்யாணத்தில் மாமனார் தாரை வார்க்கச் செம்பைச் சாய்த்தபோது, "மெயின எறக்கிட்டு ஊத்துங்க சம்மந்தி, மாப்ள பயப்புடுவான்," என்று மூன்று விரல் கையை நீட்டித் தடுத்தவர் நைனாவேதான்.

போன வருஷம் அவர் போய்விட்டார். சுடுகாட்டில் தோளில் தண்ணீர்க் குடத்தோடு அவரைச் சுற்றி வந்தேன். சுற்றுக்கு ஒன்றாகக் குடத்தில் ஓட்டை போட்டவர் சித்தப்பா. மூன்றாவது சுற்று முடிந்தது. தண்ணீர் என் முதுகு நெடுக ஒழுகிக்கொண்டிருந்தது. கொள்ளியை என் கையில் கொடுத்தவர் அப்படியே காதோரம் குனிந்தார். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"டேய், மெயின எறக்கிட்டியா?"

"எறக்கியாச்சு சித்தப்பா."

சிரிப்பை அடக்க முடியவில்லை. என் தோள் குலுங்குவதைப் பார்த்து, புள்ள அழுவுது பாரு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை.