சம்பந்தி வாயில் மண்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

வணக்கம் பல. இங்கு நானும் என் மனைவியும் உடம்பளவில் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும், குறிப்பாகத் தங்கள் மேல்வரிசை முன்பல் இருந்த இடத்தின் சுகத்தையும் அறியக் கவலையோடு காத்திருக்கிறோம். போனில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான். பதினோரு முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் முறை சம்பந்தியம்மா எடுத்து, "அவரு இன்னும் கோவத்துல இருக்காரு. எழுதி அனுப்பிடுங்க, படிக்கிறதுக்குப் பல்லு வேண்டாமே" என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் நான் களிமண்ணைத் தொட்ட காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேத்திக்கு இரண்டு கடைவாய்ப் பல்லில் சொத்தை. மகள் போனில், "அப்பா, லீவுக்கு வர்றோம். ஆனா இனிப்புன்னு ஒண்ணு வீட்டுல கண்ணுல படக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். என் மனைவியோ ஓவனைத் தொட்டு ஆறு வருடமாகிறது. அதற்குள் பாத்திர மூடிகள்தான் குடியிருக்கின்றன. இருந்தாலும் ஆண்டுக்கடைசி விடுமுறைக்கு வருகிற குழந்தை, மேசையில் ஒரு தட்டு நிறைந்திருப்பதைக் கண்ணாலாவது பார்க்க வேண்டாமா? முப்பத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் பல்செட் செய்த கை இது, பிஸ்கட் செய்யாதா என்று கடைக்குப் போய்ப் பொம்மை செய்கிற களிமண் கேட்டேன். கடைக்காரர், "குழந்தைக்கு என்ன வயசு சார்?" என்றார். "அறுபத்து மூணு" என்றேன். அவர் அவசரமாகப் பொட்டலம் கட்டினார்.

சம்பந்தி, தொழில் என்று வந்துவிட்டால் எனக்கு ஊண் உறக்கம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். களிமண்ணைப் பாட்டிலால் தேய்த்து, நட்சத்திரம், பிறை, இலை, வீடு என்று வெட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மேலே தட்டித் தட்டி, மாவு வெந்து பொரிந்த சொரசொரப்பைக் கொண்டுவந்து, ஓரங்களில் மட்டும் லேசாகத் தீய்ந்த நிறத்தைப் பூசி, வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து க்ரீம் போல வழியவிட்டு, அதன் மேல் பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர் பொடியைச் சர்க்கரையாகத் தூவினேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் ஒரு எண் கீறினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். எண் கீறாவிட்டால் ஒருவர் பல் இன்னொருவர் வாய்க்குப் போய்விடும். மொத்தம் இருபத்து நாலு. நீங்கள் வந்த அன்று காலை ஒரு வரிசை எறும்பு மேசைக்காலில் ஏறித் தட்டைச் சுற்றி வந்தது. எறும்பையே ஏமாற்றிவிட்டேனே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கர்வத்துக்குத்தான் இந்தத் தண்டனை.

"பார்க்க மட்டும்" என்று ஒரு தாளில் எழுதித் தட்டருகே வைத்தேன். அதைப் பேத்தி விமானமாக மடித்து விட்டுவிட்டாள். நீங்கள் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் சின்ன வயதுக் குறும்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டே, தட்டைப் பார்க்காமல் ஒரு நட்சத்திரத்தை எடுத்தீர்கள். நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் மூடிவிட்டீர்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று என் மனைவி சொல்கிறாள். பல் தேநீர்த் தட்டில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பேத்தி கிட்டே வந்து குனிந்து பார்த்து, "தாத்தா, உங்க பல்லும் களிமண்ணா?" என்றாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியதைப் பார்த்து, பாவம் அழுகிறார் என்றே நினைத்தேன். பதற்றத்தில் நான், "ஐயோ சம்பந்தி, அது களிமண்ணு! நானே செஞ்சது!" என்று கத்தினேன். இரண்டாவது வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை கலந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பொண்ணு எடுத்த வீட்டுல என் வாயில மண்ணைப் போட்டுட்டாங்க!" என்று எழுந்தீர்கள். மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை அது. உங்கள் விஷயத்தில் வார்த்தைக்கு வார்த்தை உண்மையாகப் போயிற்று. வந்த காரிலேயே எல்லோரும் ஏறினீர்கள். என் மகளும் ஏறினாள். இரண்டு வருடம் கழித்து வந்தவள், பெட்டியைப் பாதி திறந்து பாதி மூடிக் கொண்டுபோனாள். "மாமா மனசு ஆறாம நான் மட்டும் எப்படிப்பா கிளம்பி வர முடியும்? லீவு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு" என்று போனில் அழுகிறாள். பேத்தியின் ஒற்றைச் செருப்பு எங்கள் வாசலில் கிடக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் தொழிலுக்கும் இடைஞ்சலாகிவிட்டது என்று மகள் சொன்னாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற நீங்கள், ஒன்றாம் நடைமேடையையும் எட்டாம் நடைமேடையையும் குறையில்லாமல் சொல்கிறீர்களாம். "பத்தாம் நடைமேடை" என்னும்போது காற்று மட்டும் வருகிறதாம். ஜனங்கள் பெட்டியும் கையுமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களாம். இதில் ஆச்சரியமில்லை சம்பந்தி. நாக்கு மேல் முன்பல்லைத் தொட்டால்தான் 'த' பிறக்கும். யோசித்துப் பார்த்தால், "மன்னித்தேன்" என்று சொல்வதற்கும் அந்தப் பல் வேண்டியிருக்கிறது. ஆகவே இப்போதைக்குத் தலையாட்டினால் போதும்.

பல் என்னிடம் பஞ்சில் பத்திரமாக இருக்கிறது. கட்டிய பல்தான், கட்டியவர் யாரோ, அவசரக்காரர். நான் புதிதாகச் செய்து தருகிறேன், உங்கள் ஆயுளுக்கும் அசையாது. அதற்கு அளவு வேண்டும். இத்துடன் காகிதத்தில் சுற்றி ஒரு உருண்டை அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து கோபப்படாமல் அதைக் கடித்துத் திருப்பி அனுப்புங்கள். ஆமாம், களிமண்தான்.

நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். "தப்பு முழுக்க உங்க களிமண்ணு மேலதான்னு அழுத்தி எழுதுங்க" என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். அழுத்தியே எழுதுகிறேன்: தப்பு முழுக்க என் களிமண் மேல்தான்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசி. பேத்தியின் எல்லாப் பற்களுக்கும் தனித்தனியே முத்தம்.

தங்கள் தயவை நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: மனைவி உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதுகிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தடயமாக உங்களுக்கு அனுப்பலாமென்று நீங்கள் கடித்த நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் எண் இல்லை. தட்டை எண்ணினேன். என்னுடைய இருபத்து நாலும் அப்படியே இருக்கின்றன. ஓவனைத் திறந்தேன், மூடிகளுக்குப் பின்னால் ஒரு டப்பா, அதில் இன்னும் ஏழு நட்சத்திரம், நிஜ மாவில் சுட்டவை. எறும்புகள் ஏமாறவில்லை சம்பந்தி. நான்தான் ஏமாந்தேன்.

சம்பந்தம் பேச நீங்கள் முதல் தடவை வந்தபோது என் மனைவி பிஸ்கட் செய்து வைத்தாள். "பிஸ்கட் பிரமாதம். வீடு கட்டும்போது சொல்றேன், ஒரு லோடு அனுப்புங்க" என்றீர்கள். நல்ல தமாஷ். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும் விட நான் அதிகமாகச் சிரித்தேன். அன்றைக்கு அணைத்த ஓவன். ஆறு வருடம் கழித்து, எனக்குத் தெரியாமல் மறுபடி மூட்டி, யாருக்கும் சொல்லாமல் என் பொய் பிஸ்கட்டுகளுக்கு நடுவே ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள். யாராவது ஒருவர் தற்செயலாக எடுத்து, "நல்லா இருக்கே, யாரு செஞ்சது?" என்று கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கும். நான் அதையும் "களிமண்" என்று கூவிவிட்டேன்.

டப்பாவிலிருந்து ஒன்றைத் தின்றேன். டாக்டரிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் அன்று சொன்னதில் தப்பில்லை, கல்தான். தேநீரில் நன்றாக ஊறவைத்தால் இறங்குகிறது.

பல் கட்டி முடிந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடந்தது களிமண்ணாகவே இருக்கட்டும். நீங்கள் எனக்கு ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். புதுப் பல்லைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி அவளிடம், "நீங்க செய்வீங்களே பிஸ்கட்டு, அது ஒண்ணு தாங்க" என்று கேட்க வேண்டும். 'தாங்க' என்பது சுத்தமாக வரும், அது என் பொறுப்பு. நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறேன். இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்.